எஞ்சின் ஓடும்போதே இறங்கிடணும்

எங்க வீடு கேம்ப் ரோடு பக்கம். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானச் சத்தம் எங்களுக்குப் பால்காரர் மணி மாதிரி, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். 2025 நவம்பர் 14 மதியம் ஒரு பிலாட்டஸ் பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்தது. பைலட் இஜெக்‌ஷன் சீட் உதவியால் தப்பித்தார். அன்றிலிருந்துதான் நான் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனால் இந்தப் பதிவு அதற்கு முந்தின நாளைப் பற்றியது. நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு செஸ்னா 172 பயிற்சி விமானம், எஞ்சின் கோளாறு காரணமாகத் திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலை அருகே இறங்கியது. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் காயம் இல்லை. எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் என்ன ஓடியது தெரியுமா? "டோல்கேட்ல பாஸ்டேக் இருந்துச்சா?" நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

அவசரமாக இறங்குவதில் ரெண்டு வகை இருக்கிறது. எஞ்சின் நின்றுபோய், வேறு வழியில்லாமல் இறங்குவது ஒன்று. எஞ்சின் இன்னும் ஓடுகிறது, ஆனால் ஆயில் பிரஷர் குறைகிறது, அதிர்வு வருகிறது, இனிமேல் போவது சரியில்லை என்று பைலட்டே முடிவெடுத்து இறங்குவது இன்னொன்று. இதற்குப் பெயர் முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்.

எஞ்சின் நின்றால் செஸ்னா கல் மாதிரி விழாது. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் வரை சறுக்கிக்கொண்டு வரும். ஆனால் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. தப்பாகப் போனால் திரும்ப மேலே ஏற முடியாது. எஞ்சின் ஓடும்போதே முடிவெடுத்தால் வயலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, கரண்ட் கம்பி இருக்கா, வாய்க்கால் இருக்கா, மாடு மேயுதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம்.

அப்புறம் ஏன் எல்லாரும் சீக்கிரமே இறங்குவதில்லை? அமெரிக்க விமானத் துறையின் பயிற்சிப் புத்தகமே காரணம் சொல்கிறது. ஆபத்து வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. விமானத்தைக் காப்பாற்றணும் என்ற ஆசை. நம்ம பி.காம் பாஷையில் இதுதான் சங்க் காஸ்ட். காஸ்டிங் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம் :-)

எங்க அப்பாவும் இதே தப்பைச் செய்தார். ஜிஎஸ்டி ரோட்டில் எங்க பழைய காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. "நிறுத்துங்கப்பா" என்றேன். "பெருங்களத்தூர் வந்தாச்சுடா, இன்னும் பத்து நிமிஷம்" என்றார். எஞ்சின் ஜாம். ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒரு மணி நேரம்தான் போயிருக்கும். மெக்கானிக் போட்ட பில்லை இங்கே எழுதினால் அப்பா என் பிளாக்கை மூடிவிடுவார். கார் என்பதால் பில்லோடு போயிற்று.

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். நம்ம வயசுப் பையனோ பொண்ணோ, ஆயில் பிரஷர் குறைவதைப் பார்த்து ஒரு வயலில் இறக்கிவிட்டால், கீழே வந்து பார்க்கும்போது மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது, எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாம் "பயந்தாங்கொள்ளி" என்று மீம் போட்டால் அடுத்த ஆள் என்ன செய்வான்? "இன்னும் பத்து நிமிஷம்" என்பான். விசாரணை வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஏன் மக்கர் செய்தது என்று பராமரித்தவர்களைக் கேளுங்கள். ஏன் இறக்கினாய் என்று அந்தப் பிள்ளையைக் குற்றவாளி மாதிரி கேட்காதீர்கள்.

நேற்று மாலை மொட்டை மாடியில் நின்று, இங்கே ஒரு சின்ன விமானம் இறங்க வேண்டி வந்தால் எங்கே இறங்கும் என்று தேடினேன். மாடம்பாக்கம் பக்கம் நான் சின்ன வயசில் கிரிக்கெட் ஆடிய பொட்டல் இப்போது அபார்ட்மென்ட். மிச்சம் தெரிந்தது ஏரி மட்டும்தான், அதன் ஓரத்திலும் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.