ஏறுபவரின் பயமும் நமது அவசரமும்

பனங்கட்டி வாங்கி விற்கும் நாம் அதன் விலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அது இறங்கி வரும் உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் அறுபது அடிப் பனை அதிசயமல்ல. அந்த உயரத்திலிருந்து தவறி விழுபவர் இரண்டு விநாடிக்குள் நிலத்தை அடைந்துவிடுவார். அப்போது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீற்றர்.

“சீவல் தொழிலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். கள் ஹராம், அதில் இரு கருத்தில்லை. ஆனால் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அதே பாளைச் சாறு புளிக்காமல் கருப்பணியாகிறது. அதைக் காய்ச்சினால் வருவதே நமது கடையிலுள்ள பனங்கட்டி. மரமும் ஒன்று, ஏறுபவரும் ஒருவரே.

எனக்குப் பனங்கட்டி தருபவர் ஐம்பது வயது தாண்டியவர். பருவ காலத்தில் காலையும் மாலையும் ஏறுகிறார். “பயமில்லையா அண்ணை?” என்று ஒருமுறை கேட்டேன். “பயம் இருக்கிறபடியால்தான் தம்பி தளைநாரை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்க்கிறன். பயம் விட்டுப்போற அண்டைக்கு ஏறக்கூடாது” என்றார். கீழே பார்ப்பதில்லையாம். அடுத்த பிடியை மட்டும் பார்ப்பாராம்.

அவரது பயத்தை மதிக்காதவன் நான்தான். கடந்த பருவத்தில் ஒரு பெரிய ஓடருக்காக அவரை நெருக்கினேன். தூறல் மழையில், வழுக்கும் மரத்தில் ஏறினார். நெஞ்சுத்தோல் உரிய வழுக்கி இறங்கினார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. அன்று அவரை ஏற்றியது என் அவசரமே.

1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் முதலாளியிடம் வேலை செய்பவருக்கானது. தானே இறக்கித் தானே விற்பவர் விழுந்தால் யாரிடம் கேட்பார்? 1990 ஒக்டோபரில் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து கடை திறந்த நமக்கு, பிழைப்பு ஒரு நொடியில் கைநழுவுவது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். மழை நாளில் சரக்குக் கேட்டு நெருக்காதிருப்போம். ஏறாத நாளுக்காக விலையைக் குறைக்காதிருப்போம். கிலோவுக்குச் சில ரூபாய் ஒதுக்கி, காயமடைந்தவரின் வீட்டுக்குக் கொடுப்போம். நம் கடைக் கூரையில் ஏறி விளம்பரப் பலகை மாட்டும் பையனுக்கும் கயிறும் இடுப்புப்பட்டியும் நாமே வாங்கிக் கொடுப்போம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நமக்காக ஏறுபவரின் கயிறும் அந்தக் கட்டில் சேர்ந்ததே. பிறர் உயிரைப் பணயம் வைக்காத இலாபத்தில் வல்ல அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்வானாக.