இல்லமும் கைத்தொழிலும்: தாயாரின் சேலைகளில் ஒரு கட்டில் போர்வை



கர்த்தருக்குள் நித்திரையடைந்த தன் தாயாரின் பருத்திச் சேலைகளைக் கொண்டு, கட்டில் முழுவதையும் மூடத்தக்க பஞ்சுப் போர்வையை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைக்க இயலுமா என்று டெல்லியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள். இயலும். ஆனால் வெட்டிய சேலை மீண்டும் சேலையாகாது. தாயாரின் சேலை எந்தக் கடையிலும் கிடைக்காது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்த ஞானம் (லூக்கா 14), கத்தரிக்கோலை எடுக்கும் நமக்கும் பொருந்தும்.

முதலாவது அளவு. இரட்டைக் கட்டிலுக்கு 84 அங்குல அகலமும் 96 அங்குல நீளமும் போதும். அடித்துணி நான்கு புறமும் 3 அங்குலம் கூடுதலாக, 90க்கு 102 அங்குலம் வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 108 அங்குலம் வரும். சேலை 46 அங்குல அகலமுள்ளதானால், அவ்விரண்டையும் பக்கவாட்டில் இணைத்தாலே அடித்துணி ஆயிற்று. மற்றச் சேலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பகுதிகளை நீக்கி, மேல்துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வைக்கத் தகடாகக் கிடைக்கும் மெல்லிய பஞ்சு ஏற்றது. ரஜாயில் அடைக்கும் உதிரிப் பஞ்சு இயந்திரத்தின் கீழே திரண்டுவிடும்.

இரண்டாவது தையல் முறை. ஊசிக்கும் இயந்திரத்தின் வலப்புறத் தூணுக்கும் இடையே ஏறக்குறைய 6 அல்லது 7 அங்குலமே இடமுண்டு. ஆகவே முதல் கோட்டை நடுவில் தையுங்கள். வலப்பாதியைச் சுருட்டி அவ்விடைவெளியில் நுழைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்து வாருங்கள். பின்பு போர்வையைத் தலைமாற்றி மறுபாதியைத் தையுங்கள். இப்படிச் செய்தால் ஒருபோதும் பாதிக்கு மேல் உள்ளே நுழையாது. அதற்கு முன்பே மூன்று அடுக்குகளையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, கையகலத்துக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்திவிட வேண்டும்.

4 அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் 20 கோடுகள். மொத்தம் 1,920 அங்குலம், அதாவது ஏறக்குறைய 49 மீட்டர் தையல். மேல்நூலும் அடிநூலும் சேர்ந்து சுமார் 125 மீட்டர் செலவாகும். 200 மீட்டர் வாங்கி, பாபின்களை முன்னதாகவே சுற்றிவையுங்கள். இயந்திரத்தின் இடப்புறத்திலும் பின்புறத்திலும் மேசையோ நாற்காலிகளோ போட்டுப் போர்வையைத் தாங்கச் செய்யுங்கள். பாரம் கீழே தொங்கினால் தையல் கோணும், ஊசியும் முறியும்.

ஒற்றை அறை வீட்டில் இவ்வளவும் விரிக்க இடமில்லையா? நீளவாக்கில் மூன்று பகுதிகளாகத் தனித்தனியே தையுங்கள். இணைக்கும் ஓரங்களில் ஓர் அங்குலம் தைக்காமல் விட்டு, மேல்துணிகளை இயந்திரத்தால் இணைத்து, அடித்துணியைக் கையால் மடித்துத் தைக்கலாம். இம்முறைக்கு அடித்துணியாக இன்னொரு சேலையும் தேவைப்படும்.

தொற்காள் மரித்தபோது யோப்பாவின் விதவைகள் பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடைகளையே (அப்போஸ்தலர் 9). மிஞ்சும் துண்டுகளை எறிந்துவிடாதிருங்கள். சபையில் குளிர்காலத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு அவை சிறு போர்வையாகட்டும். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.