புதியவனுக்கு ஒரு வாடகையா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஒரு குடியானவரைக் கண்டோம். கையில் துணி மூட்டை, பக்கத்தில் நோயாளி மனைவி. போக வேண்டிய இடம் சென்னை சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர் ஆயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசினால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு, மனிதர் மடியை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

2013-ம் வருஷத்தில் சர்க்கார் போட்ட கணக்கு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 30 கிலோமீட்டருக்குக் கூட்டிப் பாருங்கள், 365 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால், அந்தக் கணக்கைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடாமலே போட்டு வைத்தார்கள். பெட்ரோல் விலை அதுவரையில் காத்துக்கொண்டா இருந்தது? கட்டுபடியாகாத விகிதத்தைப் போட்டுவிட்டு, மீட்டரை ஏன் போடவில்லை என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? ஆகவே ஆட்டோக்காரரை மாத்திரம் திட்டுவதற்கு நாம் தயாராயில்லை.

என்றாலும் ஒன்று கேட்கின்றோம். அந்த நஷ்டத்தை ஊர் தெரியாதவன் மடியிலிருந்துதானா எடுக்க வேண்டும்? தெரிந்தவனுக்கு ஒரு விலை, திருதிருவென்று விழிப்பவனுக்கு ஒரு விலை என்றால், அது வாடகையா, அறியாமைக்குப் போடும் அபராதமா? கைப்பேசியில் கூப்பிடும் டாக்ஸியில் தொகை முன்னதாகவே தெரிகிறதே என்பார்கள். தெரிகிறது. நாலு தூறல் விழுந்தால் அது ஏறுவதும் சேர்ந்தே தெரிகிறது!

பஸ்ஸிலும் ரயிலிலும் இந்த முகம் பார்க்கும் வேலையே கிடையாது. சீட்டுக் கொடுப்பவருக்கு நீர் மிராசுதாரரா, கூலிக்காரரா, இன்று காலையில் வந்து இறங்கியவரா என்கிற கவலையில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை. அந்த அம்மாளுக்கு இது சென்னையிலும் உண்டு என்பது தெரியாது. காசு கேட்பார்களென்று பயந்து, எதிரே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். இருக்கிற உரிமையையும் இன்னதென்று தெரியாதவருக்கு அது இருந்தென்ன, போயென்ன?

நடக்கவே முடியாத நோயாளி ஆட்டோவில்தான் போயாக வேண்டும். அதற்காகவாவது, கட்டுபடியாகும் ஒரு விகிதத்தை நிர்ணயித்து, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ், எந்த ரயில், ஆட்டோவுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு நிலைய வாசலிலும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்க வேண்டாமா?

அந்த அம்மாளால் மெல்ல நடக்க முடிந்தது. நாமும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் இருவரையும் தாம்பரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷனில் இறக்கினோம். இருவருக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்ததும் குடியானவர் மடியைத் தடவிக்கொண்டு, "இதை அங்கே யாருமே சொல்லலீங்களே!" என்றார்.