சட்டியும் பேணியும்

ஏறாவூர்க் கடைத்தெருவில் எருமைத் தயிர் வாங்காத வழிப்போக்கர் சிலரே. மண்சட்டி, அதன் வாயிலே ஒரு தாள், தாளைச் சுற்றி ஒரு கயிறு. இவ்வளவே அதன் காப்பு. அதே கடையின் தட்டிலே மீன் பேணியும் இருக்கும். தயிரோ சில நாட்களிற் புளித்துவிடுகிறது. மீனோ ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கிறது. இதற்குக் காரணம் யாது? இறுக்கமான மூடிதான் என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே.

பிரான்ஸ் நாட்டிலே இனிப்புப் பண்டம் செய்துவந்த நிக்கலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, தக்கையால் அடைத்து, போத்தலோடு நீரில் வேகவைத்தார். உணவு கெடவில்லை. 1810இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்திலே பீற்றர் டுராண்ட் தகரப் பேணிக்கு உரிமம் பெற்றார். ஆனால் உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. கிருமிகளே காரணமென்பதை அரை நூற்றாண்டின் பின் பாஸ்டர் விளக்கினார்.

அந்நாளிற் பேணியின் மூடியைக் கைவினைஞர் ஈயப்பற்று வைத்து ஒட்டினர். இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. மூடியின் விளிம்பையும் பேணியின் விளிம்பையும் முதல் உருளை ஒன்றோடொன்று கோத்து மடிக்கும். இரண்டாம் உருளை அதனை அழுத்தித் தட்டையாக்கும். பின்னரே பேணி நீராவிக் கலத்தினுள் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகிறது. கொதிநீருக்கும் அஞ்சாத கிருமி வித்துகள் சில உண்டு. காற்றற்ற இடமே அவற்றுக்கு உகந்தது. வேகாத பேணியை இறுக மூடுவது அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் தயிரையும் அவ்வாறே அடைக்கலாகாதா? ஆகாது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் அவ்வெப்பத்தில் மடிந்துவிடும். ஆகவேதான் தொழிற்சாலைகள் தயிரைக் கிண்ணத்தில் நிரப்பி, மெல்லிய தகட்டைச் சூட்டினால் ஒட்டி, குளிரிலே வைத்து அனுப்புகின்றன. மண்சட்டிக்கோ வேறொரு சிறப்புண்டு. அதன் நுண்டுளைகள் தயிரின் நீரை உறிஞ்சுகின்றன, தயிர் இறுகுகிறது. அந்நீர் வெளியே ஆவியாகும்போது சட்டியும் குளிர்கிறது. பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

ஆயினும் சட்டி உடைகிறது. தூரப் பயணத்திற்கு ஒவ்வாது. தன் தயிர் தொலைவிலும் விலைப்பட வேண்டுமென்று பட்டிக்காரர் ஒருவர் விரும்பினால் அது நியாயமே. மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் சிறு மூடும் இயந்திரங்களும் உள. ஆனால் ஒன்றை அவர் மறத்தலாகாது. மூடி வெளியிலிருந்து வரும் அழுக்கைத் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்டதை அகற்றாது. கறந்த கை, பால் வாங்கிய கலம், காய்ச்சிய நெருப்பு, உறையிட்ட கரண்டி ஆகிய நான்கும் தூயனவாயிராவிடின் அழகிய மூடியின் கீழும் தயிர் கெடும். இயந்திரத்துக்குச் செலவிடுமுன் கொதிநீருக்கும் குளிர்ப்பெட்டிக்கும் செலவிடுவதே விவேகம்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. உப்பிய பேணியை மலிவென்று வாங்காதீர்கள், சுவைத்தும் பாராதீர்கள். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். அதன் நஞ்சு உயிருக்கே உலை வைக்கும்.

சட்டியாயினும் பேணியாயினும், பண்டத்தைக் காப்பது மூடிய கை மட்டுமன்று. மூடுமுன் உழைத்த கையுமே.