இல்லமும் பள்ளியும்: வாய் திறவாத பிள்ளை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் திருமுக்கூடல் அமைந்திருக்கிறது. காஞ்சியின் கோபுரங்களையும் பட்டையும் நாடி வருவோர் பெரும்பாலும் இச்சிற்றூரைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 1060களின் இறுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணாக்கர் தங்கும் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் நடைபெற்றதை அது எடுத்துரைக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளருக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர் என அங்கே பணியாளர் இருந்தனர். படுத்திருந்தோருள் அப்பள்ளியின் மாணாக்கரும் உண்டு. பிள்ளை படிக்கும் இடத்திலேயே அவன் குறையைக் கவனிப்பவரும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதை முதலில் சொன்னோம்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அரசுப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி. இப்படி ஒரு பணி இருப்பதே நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. மைசூரில் 1965ஆம் ஆண்டு அனைத்திந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பின்னரே நம் நாட்டில் இக்கல்வி வேரூன்றியது. பட்டம் பெற்றவர்களுள் மிகப் பலர் பெருநகர மருத்துவமனைகளிலும் அயல்நாடுகளிலும் இருக்கின்றனர். வட்டாரப் பள்ளிகளுக்குச் செல்வோர் மிகச் சிலர். அச்சிலருள் நாமும் சில ஆண்டுகள் இருந்தோம். பாலாற்றங்கரைப் பள்ளிகளுக்குப் பேருந்தில் சென்று வந்தோம். தனி அறை கிடைப்பது அரிது. சத்துணவுக் கூடத்தின் ஒரு மூலையே போதும் என்று பழகிக்கொண்டோம்.

ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைக் காட்டி, “இவனுக்கு ஒன்றும் ஏறாது, நேரத்தை வீணாக்காதீர்கள்” என்று சொல்லப்பட்டது. ஒன்றரை ஆண்டுகளாக அவன் வகுப்பில் வாய் திறந்ததில்லை. படங்களை எடுத்து முன்னே வைத்தோம். நெடுநேரம் தயங்கியபின் காக்கையைத் தொட்டு, “தாத்தா” என்றான். கிளி ‘திளி’யாயிற்று, கத்தரிக்காய் ‘தத்தரித்தாய்’ ஆயிற்று. அவனுக்கு ஏறாதது எதுவும் இல்லை. ‘க’ என்னும் ஓர் ஒலி வரவில்லை, அவ்வளவே. முதல் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் காக்கையைத் தாத்தா என்றதற்கு வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மூடிய வாயை அவன் பிறகு திறக்கவில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியரை நினையாமல் இருக்க முடியவில்லை. எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில், நாவின் எப்பகுதி அண்ணத்தின் எப்பகுதியைத் தொட்டால் எவ்வெழுத்துப் பிறக்கும் என்று அவர் வகுத்துக் காட்டியிருக்கிறார். ககரத்திற்கு அடிநாவும் அடியண்ணமும்; தகரத்திற்கு நாநுனியும் பல்லின் அடியும். இச்சிறுவனுக்கு அடிநா எழ வேண்டிய போதெல்லாம் நுனிநா முந்திக்கொண்டது. நாம் கல்லூரியில் அயல்மொழி நூல்களில் வருந்திக் கற்ற செய்தி நம் இலக்கணத்தின் வாசலிலேயே கிடந்திருக்கிறது!

சிகிச்சை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு வாய்த் தண்ணீரைக் கொடுத்து, தலையை நிமிர்த்திக் கொப்பளிக்கச் சொன்னோம். தொண்டையில் தண்ணீர் களகளக்கும்போது அடிநா தானே எழும். பின்னர்ப் பாயில் மல்லாந்து படுக்க வைத்தோம். நா சற்றே பின்னுக்குச் சரியும். மழுங்கிய குச்சியால் நாநுனியை மெல்ல அழுத்திப் பிடித்தோம். மூன்றாம் வாரம் ‘க்’ என்று ஒலி வந்தது. அவன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம்.

ஆனால் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் வந்து போகிறவரால் ஓர் ஒலியை நாவில் நிலைக்கச் செய்ய முடியாது. அதைச் செய்தவர் அவன் தாயார். தந்தை தறியில் அமர, தாயார் தார் சுற்றுபவர். ஒரு தார் நிறையும்போதெல்லாம் மகன் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அவரே விதி வகுத்தார். கஞ்சி, கூடை, கட்டை, காய் என்று நாள்தோறும் நடந்தது. நான்கு மாதங்களில் சொற்கள் திருந்தின. விரைந்து பேசும்போது மட்டும் பழைய ‘த’ எட்டிப் பார்த்தது. எழுத்தறிவு அதிகம் இல்லாத அந்தத் தாயாரைப் போன்ற துணையாசிரியர் நமக்குப் பின்னர் வாய்க்கவில்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். “ழகரம் வரவில்லை, திருத்திக் கொடுங்கள்” என்று கேட்டு வந்த பெற்றோர் பலர். பிள்ளை ‘வாளைப்பளம்’ என்கிறான். தந்தையும் அப்படியே சொல்கிறார், தாத்தாவும் அப்படியே! அது ஊர் வழக்கு, நோயன்று. மேடையில் பேசவோ வாசகம் படிக்கவோ வேண்டுமானால் பயிற்றலாம். அதற்காகப் பிள்ளையை அடிப்பது கொடுமை.

அதுபோலவே வசம்பு. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் பெற்ற அதை உரைத்து நாவில் தடவினால் பேச்சு வந்துவிடும் என்று ஈராண்டு, மூவாண்டு காத்திருந்த குடும்பங்களைக் கண்டோம். காத்திருந்த ஆண்டுகளே இழப்பு. ஏனெனில் பேச்சு நாவில் தொடங்குவதில்லை, செவியில் தொடங்குகிறது. திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் குழந்தையின் செவியைத் தொட்ட பின்னரே வாயைத் தொடுவதை நம் வாசகர்கள் கண்டிருப்பர். ஒரு நெசவாளர் இல்லத்துச் சிறுமிக்குக் காதில் அடிக்கடி சீழ் வடிந்தது. தறி ஓடும் வீட்டில் யாவரும் உரக்கப் பேசுவதே வழக்கம்; அவளும் முகம் பார்த்துப் புரிந்துகொண்டாள். பள்ளியில் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவளுக்கு உலகம் அடைத்துப்போயிற்று. கவனமற்றவள் என்று பெயர் வந்தது. காது மருத்துவரிடம் காட்டியபின் முதல் வரிசைக்கு மாற்றினோம். அந்த இருக்கை மாற்றத்திற்கு ஒரு காசும் செலவில்லை.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஈராண்டு நிறைந்தும் இரு சொற்களைச் சேர்க்காத குழந்தை, இவர்களுக்குக் காத்திருத்தல் ஆகாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். மேற்கவனிப்புக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம். பிறவியிலேயே செவி கேளாத சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்த முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆயினும் கருவி வைத்த அன்றே பிள்ளை பேசும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். கேட்கவே ஓராண்டும் அதற்கு மேலும் பழக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு பொத்தல் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அவற்றுள் ஒன்று. ஆனால் அது உறுப்பு அல்லது நரம்புக் கோளாற்றால் நேர்ந்த நிலையான குறையையே கருதுகிறது. காக்கையைத் தாத்தா என்ற நம் சிறுவனுக்கு அதில் இடமில்லை. சான்றிதழ் இல்லையேல் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவனைத் தேடி எவரும் வருவதில்லை. அமெரிக்க நாட்டில் 1975இல் இயற்றிய சட்டத்தின் வழியே பேச்சுப் பயிற்சி பள்ளியின் கடமையாயிற்று. சிறிய உச்சரிப்புக் குறையும் படிப்பைத் தடுத்தால் அதற்குள் அடங்கும். சோழன் காலத்துச் சிற்றூரில் முடிந்தது இன்று வட்டாரத்திற்கு ஒருவர் என்ற அளவிலேனும் முடியாதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

திக்குவாய் பற்றி எழுதுமாறு தாயார் ஒருவர் கேட்டிருந்தார். நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவர் ஏதேனும் ஒரு பருவத்தில் திக்குகின்றனர்; பெரும்பாலோர் தாமே தேறிவிடுகின்றனர். அவர் மகன் பத்து வயதைத் தாண்டியும் தேறவில்லை. தாயாரின் வருத்தம் வேறு: “எல்லாரோடும் சேர்ந்து செபமாலை சொன்னால் தெளிவாகச் சொல்கிறான், தனியே சொல்லச் சொன்னால் திக்குகிறான். வேண்டுமென்றே செய்கிறானோ?” இல்லை, அம்மா. பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் மறைவது இக்குறையின் இயல்பே. அவனைப் போன்றோர் பெரும்பாலோர்க்கும் இது நேரும். ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் பிற்பாதி அவனுக்கு எளிது, எல்லோரும் சேர்ந்து சொல்வதால். முற்பாதி மலை, தனியே தொடங்க வேண்டியிருப்பதால். மறைக்கல்வி வகுப்பில் அவனை வாசிக்க அழைக்காமல் விட்டுவிடுவதும், பாவசங்கீர்த்தனத்திற்குப் போக அவன் அஞ்சுவதும் இதனாலேயே. “நிதானமாகச் சொல்” என்று அவனிடம் கூற வேண்டாம். அது அவன் ஆயிரம் முறை கேட்டது. சொல்லை அவனுக்காக முடித்துக் கொடுக்கவும் வேண்டாம். முகம் பார்த்துக் காத்திருங்கள் என்று பதில் எழுதினோம்.

அக்டோபர் மாதத்தில் அவ்வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் தேவ இரகசியத்தை அவனே முன்மொழிய விரும்பினானாம். பத்து மணிகளுக்கு வழக்கத்தைப் போல் இரு மடங்கு நேரம் ஆயிற்று. நான்கிடங்களில் நின்றான், எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தங்கை ஒருமுறை வாயெடுத்தபோது பாட்டி அவள் தொடையைக் கிள்ளிவிட்டார். அன்று இரவுச் சோறு ஆறிப்போயிற்று என்று தாயார் எழுதியிருந்தார்.