வாசகர் கேள்வி – பதில்: காலி அறையில் அடுக்கு விவசாயம்

கேள்வி: திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டோடு சேர்ந்து 10க்கு 10 அடியில் இரண்டு அறைகள் காலியாக உள்ளன. வெளியூர்க்காரர் ஒருவர் அவற்றை நல்ல வாடகைக்குக் கேட்கிறார். எல்.இ.டி. விளக்கு, ஏ.சி., அடுக்கு ரேக் எல்லாம் அவரே வைத்து 'மருத்துவ ஹெம்ப்' வளர்ப்பாராம். லாபத்திலும் பங்கு உண்டாம். இதற்குச் சம்மதிக்கலாமா? வேண்டாம் என்றால் அந்த அறைகளில் வேறு என்ன வளர்க்கலாம்?

பதில்: சம்மதிக்கவே கூடாது. ஹெம்ப் என்பதும் கஞ்சாச் செடிதான். பெயரை மாற்றிச் சொல்வதால் சட்டம் மாறாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வயலில் வளர்த்தாலும் அறைக்குள் ரேக்கில் வளர்த்தாலும் குற்றம் ஒன்றே.

வாடகைக்கு விடுகிறவர்கள் அதே சட்டத்தின் 25ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ன காரியத்துக்கு என்று தெரிந்தே வீட்டையோ அறையையோ விட்டுக்கொடுத்தால், வளர்த்தவருக்கு உள்ள தண்டனையே வீட்டுக்காரருக்கும் உண்டு. 'செடி அவருடையது, சுவர் மட்டும்தான் என்னுடையது' என்று சொல்லித் தப்ப முடியாது. தன் நிலத்தில் திருட்டுத்தனமாகக் கஞ்சா வளர்வது தெரிந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டியது நிலத்துக்காரர் கடமை என்கிறது 46ஆம் பிரிவு. தெரிந்தே சொல்லாமல் விட்டால் அதற்கும் தண்டனை உண்டு.

உத்தரகாண்டில் அனுமதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அங்கே நாருக்காகவும் விதைக்காகவும், போதைச்சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத ரகத்தை மட்டும், அரசு உரிமம் பெற்று வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் விவசாயிக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. ஆகவே வாசகர் அந்த ஆளுக்கு அறையைக் கொடுக்க வேண்டாம், முன்பணமும் வாங்க வேண்டாம். தகவல் சொல்ல விரும்பினால் உள்ளூர் காவல் நிலையத்திலோ 1933 என்ற எண்ணிலோ சொல்லலாம்.

அந்த அறைக்கு ஏற்ற பயிர்

விளக்கும் ஏ.சி.யும் இல்லாமலே சிறிய அறையில் அடுக்கடுக்காக வளர்வது சிப்பிக்காளான். வைக்கோல் கிடைக்கும் ஊரில் மூலப்பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு அறை இருப்பதும் வசதிதான். ஒன்றை வித்து பரவும் இருட்டறையாகவும், இன்னொன்றை அறுவடை அறையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

படுக்கை தயாரிப்பு: மழையில் நனையாத புது வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிறகு சுத்தமான இடத்தில் பரப்பி உலர்த்த வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் கையில் ஈரம் தெரிய வேண்டும். 60க்கு 30 செ.மீ. பாலித்தீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பி, இறுக்கிக் கட்டி, சுற்றிலும் சிறு துளைகள் போட வேண்டும்.

இருட்டறையில் 15 முதல் 20 நாளில் படுக்கை முழுவதும் வெள்ளையாகிவிடும். அதன் பிறகு அறுவடை அறைக்கு மாற்றிப் பையைக் கிழித்துவிட வேண்டும். 3, 4 நாளில் மொட்டு தெரியும். அடுத்த 3 நாளில் அறுவடை செய்யலாம். ஒரு வார இடைவெளியில் இன்னும் இரண்டு அறுவடை கிடைக்கும்.

அடுக்கும் முறை: படுக்கைகளைத் தரையில் பரப்பாமல் உறி கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு உறியில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று படுக்கைகள். கடைசிப் படுக்கை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். மேல் படுக்கை கைக்கு எட்ட வேண்டும். அறையில் இரண்டரை அடிக்கு ஒன்றாக நான்கு வரிசை, வரிசைக்கு ஒன்றேகால் அடி இடைவெளியில் ஆறு உறி என்று கட்டினால் 72 படுக்கைகள் கொள்ளும். ஒரே அடுக்கென்றால் 24தான் வைக்க முடியும். வாசல் பக்கம் இரண்டு அடியும், வரிசைகளுக்கு நடுவே ஆள் போகும் வழியும் மிஞ்சும்.

எடையைக் கணக்கில் வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒரு படுக்கை சுமார் 3 கிலோ. ஒரு வரிசையில் 18 படுக்கைகள் என்றால் 50 கிலோவுக்கு மேல் தொங்கும். கூரைத் தகட்டிலோ ஓட்டுச் சட்டத்திலோ உறி கட்டக் கூடாது. தரையிலிருந்து சவுக்குக் கழி நட்டு, குறுக்குக் கழி போட்டு, நடுவில் ஒரு முட்டும் கொடுக்க வேண்டும்.

காற்றும் ஈரமும்: அடுக்கை உயர்த்த உயர்த்தக் காற்றோட்டம் குறையும். காம்பு நீண்டு, குடை சிறுத்து வந்தால் அறையில் காற்று போதவில்லை என்று அர்த்தம். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வேண்டும், ஈ வராமல் நைலான் வலை அடிக்க வேண்டும். தரையில் மணல் பரப்பி நனைத்து, சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நிற்கும். கைத்தெளிப்பானால் பனிபோல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அறுவடையைத் தெளிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பச்சைப் பூசணம் பிடித்த படுக்கையை அன்றே வெளியேற்றிப் புதைக்க வேண்டும். காளான் தூள் சிலருக்கு இருமலும் மூச்சிரைப்பும் தரும் என்பதால் அறைக்குள் முகக்கவசம் அவசியம்.

பருவமும் விற்பனையும்: திருவண்ணாமலைக் கோடைக்குச் சிப்பிக்காளான் தாங்காது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சிப்பிக்காளானும், வெயில் மாதங்களில் 30 முதல் 35 டிகிரியில் வளரும் பால்காளானும் வைக்கலாம். பால்காளான் படுக்கையைப் பாதியாக வெட்டி, மேலே மண் போட வேண்டும் என்பதால் அதற்கு உறி உதவாது, ரேக்தான் வேண்டும்.

பறித்த சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாள்தான் தாங்கும். ஆகவே 72 படுக்கைகளையும் ஒரே நாளில் போடக் கூடாது. வாரம் 10, 12 என்று பிரித்துப் போட வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி விற்பதென்றால், அதற்கு 22 முதல் 25 நாள் முன்பு ஒரு தொகுதி போடலாம். ஆனால் இந்த ஊரில் காளானே சேர்க்காத சமையல்கூடங்களும் உண்டு. எந்தெந்த ஓட்டல், எந்தெந்தக் காய்கறிக் கடை, வாரம் எத்தனை கிலோ வாங்கும் என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு கழி நடுவது நல்லது.

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு முக்கால் கிலோ காளான் என்றே கணக்குப் போட வேண்டும். முதல் மாதம் 12 படுக்கைகள் போதும். வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி பற்றிக் கேட்டுக்கொண்டு, நம்பகமான இடத்தில் வித்து வாங்கித் தொடங்கலாம்.