மரக்கட்டைக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்களுக்கு



நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் லைக் போட்டுவிட்டு நழுவலாம். யார் யார் நழுவுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் தம்பி பேரன் ஆர்டர் கொடுத்துச் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் போன வாரம் வந்து சேர்ந்தது. ஏழு மாதம் காத்திருந்தான். விலை 92,000 ரூபாய். அதில் உயர்தர பிக்கப் இரண்டுக்கு மட்டும் 16,000. சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டான். அவ்வளவுதான். "மரக்கட்டைக்கு இவ்வளவு பணமா?", "நகை எடுத்திருந்தால் நாளைக்கு உதவும்", "வாசிச்சா சோறு போடுமா?" என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். அவன் அப்பா, அதாவது என் தம்பி மகன், மகனோடு பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா வழியாகத் தகவல் போகிறது.

குழுவில் பதில் போட்டால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் செய்தது வீண்செலவு இல்லை. தன் தொழிலுக்கு வேண்டிய கருவியை, தன் சம்பாத்தியத்தில், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியிருக்கிறான். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பையன் டிப்ளமோ முடித்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். வேலையை விடவில்லை. கொடை சீசனிலும் முகூர்த்த நாட்களிலும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். மூன்று வருட மேடைச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தான். கடன் இல்லை, தவணை இல்லை, வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்கவில்லை.

சரி, கடையில் தொங்குகிற கிட்டார் போதாதா? நியாயமான கேள்வி. பதிலுக்கு நம் பழைய அறிவியல் வகுப்புக்குப் போக வேண்டும்.

ஆணியில் கம்பி சுற்றி, டார்ச் செல்லில் இணைத்து, குண்டூசிகளைத் தூக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? மின்சாரத்திலிருந்து காந்தம் வந்தது. கிட்டார் பிக்கப் அதற்குத் தலைகீழ். இங்கே காந்தத்திலிருந்து மின்சாரம் வருகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது. சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும்.

தந்திகளுக்கு அடியில் சின்னப் பெட்டி மாதிரி தெரிகிறதே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றி முடி மொத்தத்தில் தாமிரக் கம்பி, ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பழைய ஃபெண்டர் வகைப் பிக்கப்பில் அதை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது, காந்தப்புலம் ஆடுகிறது, சுருளில் மிகச் சிறிய மின் சைகை பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது. ஏன் என்று கமெண்ட்டில் எழுதுங்கள், மதிப்பெண் உண்டு.

ஆக, "மரக்கட்டை" என்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்பீக்கருக்குப் போவது மரத்தின் சத்தம் அல்ல, தந்தியின் அசைவு. ஒலியில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்பது வாசிப்பவர்களுக்குள்ளேயே ஓயாத வழக்கு. பிக்கப்பின் பங்கில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் மேல்ஸ்தாயியின் பளிச் குறையும். காந்தத்தின் வகை மாறினால் குணம் மாறும். அதனால் விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் இல்லை. குழம்புக்கு உப்பு மாதிரி, எவ்வளவு வேண்டும் என்பது சமைப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அவன் பழைய கிட்டாரில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப். அந்தச் சுருள் தந்தியை மட்டுமா கேட்கும்? பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு ஒயர் எல்லாவற்றையும் கேட்கும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. அந்த ஆட்டம் "ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரமாக உள்ளே நுழைந்துவிடும். கொடை மேடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் லைட், காலடியில் பாம்புப் புற்று மாதிரி ஒயர்கள். பாட்டின் நடுவே அமைதியாக ஒரு இடம் வந்தால் கிட்டாரின் இரைச்சல்தான் முன்னால் கேட்கும். மிக்சர்காரர் அவன் சத்தத்தைக் குறைத்துவிடுவார். மூன்று வருடம் அவன் பாதிக் கச்சேரிகளில் கேட்காமலே வாசித்திருக்கிறான்.

இதற்கு மருந்து 1950-களிலேயே வந்துவிட்டது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் என்பவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அந்தக் கம்பெனிக் கிட்டார்களில் வந்தது. பெயர் ஹம்பக்கர். ஒன்றுக்கு இரண்டு சுருள். இரண்டிலும் காந்த முனைகள் எதிரெதிர், சுருள்களின் இணைப்பும் எதிரெதிர். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் என்றால் கயிறு நகராது அல்லவா? அதுபோல வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. தந்தியின் சைகைக்கோ காந்தமும் மாறியிருப்பதால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பாட்டு நிற்கிறது, இரைச்சல் போகிறது. இப்படி ஒரு யோசனை தோன்றிய மூளையை நான் வணங்குகிறேன்.

பேரன் போட்டிருப்பது அந்த வகையில் நல்ல ஜோடி. ஒரு குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும், பழைய பாட்டுகளுக்கு வேண்டிய மெலிந்த கணீர் ஒலி கிடைக்கும். அப்போது மட்டும் ரீங்காரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதையும் குறைக்க உட்குழிவில் தாமிரத் தகடு ஒட்டச் சொல்லியிருக்கிறான். கழுத்தின் தடிமனைத் தன் கைக்கு அளந்து கொடுத்திருக்கிறான். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் இது. இதை ஆடம்பரம் என்றால் தையற்காரரிடம் போகிற நாம் எல்லோரும் ஆடம்பரக்காரர்கள்தான்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. கடையில் அடுக்கி வைத்த நாதஸ்வரத்தைப் பார்த்து எடுத்து வந்தா பெரிய வித்வான்கள் வாசித்தார்கள்? நரசிங்கம்பேட்டை ஆசாரிகளிடம் சுருதி சொல்லி, ஆச்சா மரத்தில் கடையச் சொல்லி வாங்கினார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளை அங்கே ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து பாரி நாதஸ்வரத்தையே உருவாக்க வைத்தார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். அதிலும் இதே காந்தமும் சுருளும்தான். கமகம் நீண்டு ஒலிக்க அந்தப் பிக்கப் வேண்டியிருந்தது. அவர் கச்சேரிக்குக் கைதட்டிய நம் வீட்டுப் பெரியவர்கள், பேரன் கிட்டாரைப் பார்த்து மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

இனி என் தம்பி மகனுக்கு. ஐயா, உனக்கு ஒரு அப்பா மகன் கதை சொல்கிறேன், கேள்.

இங்கிலாந்தில் பிரையன் மே என்று ஒரு பையன். கடைக் கிட்டார் வாங்க வசதி இல்லை. 1963-ல் அப்பாவும் மகனுமாக வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு மின்னணு வேலை தெரியும். நூறு வருடத்துக்கு மேல் பழசான கணப்பு அடுப்புச் சட்டத்து மரத்தில் கழுத்து. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அம்மாவின் பின்னல் ஊசியில் ஒரு துண்டு. பிக்கப்பையும் பையனே சுற்றிப் பார்த்தான். தந்தியை வளைத்து வாசிக்கும்போது அது சரியாக ஒத்துவரவில்லை. பிறகு பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்று வாங்கிப் போட்டான். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்தவர்கள், பிக்கப்புக்குக் காசு செலவழித்தார்கள் என்பதைக் கவனி. அந்தக் கிட்டாரைத்தான் குவீன் இசைக்குழுவில் ஆண்டாண்டு காலமாக வாசித்தார், இன்றும் வைத்திருக்கிறார்.

வானியல் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு அவர் இசைக்குப் போனபோது, கூட உட்கார்ந்து கிட்டார் செய்த அதே அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நெடுநாள் பேசாமல் இருந்தார். பிறகு நியூயார்க்கில் மகனின் கச்சேரியை நேரில் பார்த்த பிறகுதான் மனம் இறங்கினார். விட்ட படிப்பையும் பிரையன் மே 2007-ல் முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார்.

எல்லாப் பிள்ளையும் பிரையன் மே ஆகமாட்டான். நம் பையனும் ஆக வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அந்தப் பேசாத நாட்களைப் பற்றி. அவற்றை எந்தக் கச்சேரியும் திருப்பித் தராது. உன் மகன் வேலையை விடவில்லை, கடன் வாங்கவில்லை, கெட்ட வழியில் போகவில்லை. பின்னே எதற்கு இந்த மௌனம்? உன்னிடம் கேட்காமல் முடிவெடுத்துவிட்டான் என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. அதை அவனிடமே சொல். கிட்டார் மேல் போடாதே.

பேரனுக்கும் ஒரு வார்த்தை. ஆச்சி உன் பக்கம் பேசுகிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தாதே. ஏழு மாதத்தில் ஒரு நாள் அப்பாவை உட்கார வைத்து, எனக்கு விளக்கிய மாதிரி அவருக்கும் விளக்கியிருக்கலாம். இப்போதும் நேரம் போய்விடவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆர்டர் கொடுக்கக் கிளம்பும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதல் கிட்டாரை ஒருநாளும் ஆர்டர் கொடுத்துச் செய்யாதீர்கள். உங்கள் கைக்கு என்ன வேண்டும் என்று கைக்கே இன்னும் தெரியாது. சாதாரணக் கிட்டாரில் சில வருடம் வாசியுங்கள். தந்தி மாற்றி, உயரம் சரிபார்த்து, நல்ல மெக்கானிக்கிடம் செட்டப் செய்தாலே பாதிக் குறை தீரும். பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மட்டும் மாற்றலாம். 1970-களிலிருந்தே டிமார்சியோ, சீமோர் டங்கன் போன்றவர்கள் பிக்கப்பைத் தனியாக விற்கிறார்கள். அதுவும் போதாதபோதுதான் புதுக் கிட்டார். ஆர்டர் கொடுத்தால் எல்லா அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குச் செய்தது என்பதால் விற்கப் போனால் போட்ட பணம் வராது. தவணையில் வாங்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். கிட்டாரின் எஃகுத் தந்தி ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. கை தந்தியில் இருக்கும்போது எர்த் சரியில்லாத மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. 1972-ல் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிக்கப்பும் இதிலிருந்து காப்பாற்றாது. மேடை ஏறும் முன் மைக்செட்காரரிடம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். மைக்செட், லைட் செட் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். பிள்ளைகளா, அந்த மூன்றாவது ஒயரை வெட்டிவிட்டு வேலை செய்யாதீர்கள். டீச்சர் கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தபந்தங்களே, நம் வீட்டில் ஒரு பிள்ளை தையல் மெஷின் வாங்கினால் தொழில் என்கிறோம், கேமரா வாங்கினால் கல்யாண ஆர்டர் வருமா என்கிறோம், கிட்டார் வாங்கினால் மட்டும் ஊதாரி என்கிறோம். ஒரு நாள் சாப்பிட்டு எழும் கல்யாணப் பந்திக்கு நாம் இதைப்போலப் பல மடங்கு செலவு செய்கிறோம், அதற்குக் குழுவில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவன் தன் கையால் இருபது வருடம் பயன்படுத்தப் போகும் பொருளுக்குக் கேட்கிறோம்.

குறை சொன்னவர்கள் யாரும் அவன் வாசித்து ஒரு பாட்டுக்கூட முழுதாகக் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை கேளுங்கள். அதன் பிறகும் மரக்கட்டை என்றுதான் தோன்றினால் எனக்குப் போன் செய்யுங்கள், பேசுவோம். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் வேண்டாம். தூங்குவேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் அன்பு டீச்சர்